மாரப்பன் அனுப்பிய சாம்பிள்

அமெரிக்காக்காரன் ஆர்டரைக் குறைத்த வருடம் அது. வீரபாண்டியில் பனியன் கம்பெனி வைத்திருந்த மாரப்பனுக்கு மலத்தோடு ரத்தம் போனது. டாக்டர் என்றாலே திருடன் என்பது அவர் கணக்கு, வாயைத் திறக்கவில்லை. மனைவி செல்லாத்தாள் கண்டுபிடித்துக் கோயமுத்தூருக்கு இழுத்துப் போனாள்.

அங்கே லேப் பெண் சாரதாமணி ஒரு டப்பாவை நீட்டினாள்.

"இதுல மலம் கொண்டாங்க ஐயா. ஆராய்ச்சி டெஸ்ட்டுங்க. கேன்சரை அடக்கி வெக்கற ஜீன் நம்ம உடம்புலயே இருக்குதுங்க. அதுமேல மெத்தில்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டா ஜீன் தூங்கிப்போயிரும். பைசல்ஃபைட்டுங்கற உப்புல போட்டா, ஜீனை எழுதியிருக்கற எழுத்துல மெத்தில் ஒட்டாத 'சி' மாறிரும், ஒட்டுனது அப்படியே நிக்கும். அதை வெச்சுக் கண்டுபுடிக்கறதுங்க."

"சாயப்பட்டறைல பாக்காத உப்பா?" என்று முறைத்துவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்தது. சாம்பிள் ரிஜெக்ட் ஆனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்களே! துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்குப் போகிற சாம்பிளை அவர் என்றைக்காவது மெஷினில் வந்தபடி அனுப்பியிருக்கிறாரா? நல்ல பீஸாகப் பொறுக்கி, பிசிறு வெட்டி, அயர்ன் போட்டுத்தான் போகும். இதற்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

மனைவியின் தம்பி பொங்கியண்ணனைக் கூப்பிட்டார். தினமும் விடிகாலையில் உடற்பயிற்சிக்கு ஓடுகிற ஆள். கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று பீற்றுகிறவன்.

"மாப்ள, உன்ற சரக்கு கொஞ்சம் வேணும்."

விஷயம் கேட்டதும் பொங்கியண்ணன் நெஞ்சு நிமிர்ந்தது. "என்னுது போனா ஒரே பாஸுங்க மச்சான். எக்ஸ்போர்ட் குவாலிட்டி!" அவன் சரக்கு மாரப்பன் பேரில் லேப்புக்குப் போனது.

சில நாளில் சாரதாமணி போன் செய்தாள். "மெத்தில் ஒட்டியிருக்குதுங்க ஐயா. இதை வெச்சே கேன்சர்னு சொல்ல முடியாதுங்க. ஆனா குழாய் உட்டுக் குடலைப் பாத்தே ஆகோணும்."

நம்முடையது இல்லை என்று மாரப்பன் சந்தோஷத்தில் குதித்தார். அப்புறம் சோறு இறங்கவில்லை. சொல்லாவிட்டால் மச்சினன் போய்ச் சேர்ந்துவிடுவான். சொன்னால் தன் குடலும் மாட்டும். கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

"மாப்ள, உன்ற சாம்பிள் ரிஜெக்ட்."

"லேப்காரன் மாத்தியிருப்பானுங்க!"

"மாத்துனவன் நானொருத்தன் பத்தாதா? கெளம்புடா."

"நீங்களுங்க?"

"நானுந்தான்."

சாம்பிள் மாறிய கதையைக் கேட்டுச் சாரதாமணி தலையில் அடித்துக்கொண்டாள். இருவருக்கும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பொங்கியண்ணன் குடலில் ஒரு சதைக்கட்டி, விட்டிருந்தால் கேன்சராகியிருக்குமாம். அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். மாரப்பனுக்கு வெறும் மூலம்.

மயக்கம் தெளிந்த பொங்கியண்ணன் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான்.

"ஏனுங்க மச்சான், உங்க சரக்கையே அனுப்பியிருந்தா பாஸாயிருக்குமுங்களே?"

"ஆயிருக்கும். நீ செத்திருப்பே. பேசாமப் படு."