சாட்சி நேரம்

எங்கள் வீட்டில் என்ன நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குள் அது அறுபது பேருக்குத் தெரிந்துவிடும். தெரிவிப்பவர் என் வீட்டுக்காரர். அவர் எஸ்டேட் ஆபீசில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். ஞாயிறு வந்தால் கோலசிலாங்கூர் பசார் பக்கத்துக் கடைவீட்டு மாடியில் இருக்கும் எங்கள் சபையில், பாஸ்டருக்கு அடுத்தபடியாகப் பேசுகிறவர். ஒரு வசனத்தை எடுப்பார். அதற்கு உதாரணமாக எங்கள் வீட்டை எடுப்பார்.

நெத்திலிச் சம்பாலை ஒருநாள் அடிப்பிடிக்க விட்டேன். அது ‘கவனம் சிதறிய ஜெபம்’ ஆனது. மகள் எஸ்தர் ரிப்போர்ட் கார்டைப் பாய்க்கு அடியில் ஒளித்துவைத்தாள். அது ‘மறைத்த பாவம்’ ஆனது. ஜன்னல் திரைக்குத் துணி வாங்கித் தராத கோபத்தில் இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு என்ன தலைப்பு வைத்தார் என்பதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் சபைக்கு வரும் அன்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “சிஸ்டர், பிரதர் பேசினா எங்க வீட்டுல நடந்த மாதிரியே இருக்கு லா,” என்றாள். நடந்தது என் வீட்டில். அவளுக்கென்ன, நன்றாகத்தான் இருக்கும்.

அவர் கெட்டவர் இல்லை. குடியில்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். நல்லசாமி என்று பிறந்து, இருபத்திரண்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்துத் தானியேல் ஆனவர். கடவுள் தன்னைக் குடும்பத்தைக் கொண்டே வளர்க்கிறார் என்று மனதார நம்பினார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கும். நான் ஏதாவது சொல்லி அவர் கை அந்தப் பைக்குப் போனால், எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

எஸ்தருக்குப் பதினைந்து வயது ஆனபோது அவள் அப்பாவிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். ‘ஆமாப்பா’, ‘இல்லப்பா’, அவ்வளவுதான். “அவர் முன்னாடி எதுவும் சொல்லாதீங்கம்மா, எழுதிக்குவாரு,” என்று எனக்கும் புத்தி சொன்னாள். நானும் குறைத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். இதையும் ஒரு ஞாயிறு, ‘அமைதியான குடும்பம் தேவன் தந்த வரம்’ என்று பேசிவிட்டு வந்தார். நான் சிரிப்பதா அழுவதா?

எங்கள் வீடு கிராணி வீடு. மேலே துரை பங்களா, கீழே தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம், நடுவில் நாங்கள் மட்டும். லயத்துப் பெண்கள் என்னைக் கிராணியம்மா என்று கூப்பிட்டு வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுவார்கள். சபைப் பெண்களுக்கோ என்னைப் பற்றி எல்லாமே தெரியும். எல்லாம் தெரிந்தவளிடம் விசாரிக்க என்ன இருக்கிறது? ஆக, என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. மத்தியானத்தில் சில நாள் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். தனிமை என்றால் ஆள் இல்லாமல் இருப்பது என்று முன்பு நினைத்திருந்தேன். அப்படியில்லை என்பது எனக்கு அந்த வீட்டில் தெரிந்தது.

இவ்வளவையும் பேசியவர், ஒன்றை மட்டும் பன்னிரண்டு வருடமாகப் பேசாமல் இருந்தார். அது சாமு.

சாமுவேல் எங்கள் இரண்டாவது பிள்ளை. எழுபத்து நாலில், ஒன்றரை வயதில் காய்ச்சலில் போனான். எஸ்டேட் டிரஸ்ஸர் மருந்து கொடுத்தார், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம், வீட்டுக்கு வந்தபிறகு மறுபடி கொதித்தது. அப்போது துணைக்கு இருந்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா லெட்சுமி அண்ணி. பத்தாங் காலியிலிருந்து வந்து, பத்து நாள் பிள்ளையை மடியிலிருந்து இறக்காமல் வைத்திருந்தார்.

ஒருநாள் காலை, இவர் ஆபீசுக்குப் போனபிறகு, பிள்ளையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு லயத்துக் கோடியில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு ஓடினேன். ஞானஸ்நானம் வாங்கிய வாயால்தான் அங்கே போய் அழுதேன். கல்யாணத்துக்கு முன்பு நானும் முனியாண்டி திருநீறு பூசி வளர்ந்தவள். பூசாரி மந்திரித்த கருப்புக் கயிறு ஒன்று கொடுத்தார். கொண்டுவந்து சாமுவின் வலது கையில் கட்டினேன். “தம்பிக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்கும் புஷ்பம்,” என்றார் அண்ணி. “கோவிச்சுக்கட்டும் அண்ணி, பிள்ள பொழைச்சா போதும்,” என்றேன்.

சாயங்காலம் இவர் வந்தார், பார்த்தார். சவரம் செய்யும் பிளேடை எடுத்துவந்து கயிற்றை அறுத்தார். அடுப்பில் போட்டார். யார் கட்டியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்ததால் கேட்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் விடியும்போது சாமு இல்லை.

நான் கட்டியதால் பிள்ளை போனான் என்று அவர் நினைக்கிறார். அவர் அறுத்ததால் போனான் என்று நான் நினைக்கிறேன். பன்னிரண்டு வருடம் இப்படித்தான் ஒரே கட்டிலில் படுத்து எழுந்தோம். அண்ணி, அடக்கம் முடிந்த மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போனவர் பிறகு எங்கள் படி ஏறவில்லை. தம்பி பிள்ளைக்குப் பழைய வழக்கப்படி சடங்கு செய்யவில்லையே என்ற கோபமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். எனக்கிருந்த துக்கத்தில் அடுத்தவர் கோபத்தை ஆராய எங்கே தெம்பு?

எண்பத்தாறு ஜூலையில், ஒரு சனிக்கிழமை, துவைக்கப் போடும்முன் அவர் சட்டைப் பையைத் துழாவினேன். நோட்டுப் புத்தகம் கையில் வந்தது. கடைசிப் பக்கத்தில் அவருடைய முத்துமுத்தான கிராணிக் கையெழுத்து: ‘குடும்ப ஞாயிறு. சாமு. கருப்புக் கயிறு.’

சோப்பு நுரை கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சம்பால் போகட்டும், ஜன்னல் திரை போகட்டும். இதை மட்டும் அறுபது பேருக்குக் கொடுக்க முடியாது. இதையும் கொடுத்துவிட்டால் எனக்கென்று அந்தப் பிள்ளையில் என்ன மிச்சம் இருக்கும்?

சாயங்காலம் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன். “என்னங்க, சாமு விஷயம் வேணாங்க.”

அவர் அதிர்ச்சியடையவில்லை. எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. “கர்த்தர் சொல்லச் சொல்றாரு புஷ்பம். எத்தன வருஷம் மூடி வைக்கிறது?”

“எனக்காக விட்டுடுங்க.”

“உன் பேரு வராது. உன்னப் பத்தி ஒன்னுமே இல்ல, பயப்படாத,” என்றார் கனிவாக.

பெயரைச் சொல்லாமல் என்னை மன்னிக்கப்போகிறாராம். அந்த வீட்டில் பிள்ளைக்குக் கயிறு கட்டக்கூடியவள் வேறு யார் என்று அறுபது பேருக்கும் கணக்குப் போடத் தெரியாதா? எனக்கு எரிந்தது. ஆனால் கர்த்தரே சொல்லச் சொன்னார் என்கிறவரோடு என்னவென்று வழக்காடுவது? சட்டையை மடித்துவைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றேன். சண்டை போட்டிருந்தால் அதுவும் அடுத்த ஞாயிறு வந்திருக்கும்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். மடக்கு நாற்காலிகள் போதாமல் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரமாக உட்கார்ந்தேன். தாங்க முடியாவிட்டால் படியிறங்கிப் போய்விடலாம் என்று நினைத்துத்தான். எஸ்தர் என் பக்கத்தில் இருந்தாள்.

அவர் ஆரம்பித்தார். சாமுவின் காய்ச்சலைச் சொன்னார், அவன் தவளைப் பொம்மையைச் சொன்னார். அந்தப் பொம்மையை நான் மறந்தே போயிருந்தேன்.

“அப்போ என் வீட்டுக்குள்ள ஒரு கருப்புக் கயிறு வந்துச்சு சகோதரர்களே,” என்றார். “கட்டினது யாரு? வெளியாள் இல்ல. என் கூடப்பிறந்த அக்கா. என் உப்பத் தின்னுக்கிட்டே, நான் இல்லாத நேரமாப் பார்த்து, என் பிள்ள கையில கட்டிட்டாங்க.”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை.

“நான் அத அறுத்தேன். என் பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்த மறுநாள், கொல்லையில வச்சு அக்காகிட்ட சொன்னேன். இனிமே என் வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னேன். ஒரு வார்த்த பதில் பேசல அவங்க. குத்தம் செஞ்சவங்க, என்ன பேசுவாங்க? பன்னிரண்டு வருஷமாச்சு. விசுவாசத்துக்காகச் சொந்தத்தையே விட்டேன். உங்க வீட்டு வாசல யார் தாண்டி வர்றாங்கன்னு பாருங்க.”

பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கொல்லையில் நின்ற லெட்சுமி அண்ணிதான் கண்ணில் தெரிந்தார். ‘நான் கட்டல, உன் பொண்டாட்டி கட்டினா’ என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலையில் இதையும் வைக்கவேண்டாம் என்று, பழியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான்தான் அவருக்குச் சடங்குக் கோபம் என்று பட்டம் கட்டி உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கம் இருக்கிறதே, அதற்கு முன்னால் என் பன்னிரண்டு வருட வைராக்கியம் ஒன்றுமில்லாமல் போனது.

பிரசங்கம் முடிந்தால் எங்கள் சபையில் சாட்சி நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து, தேவன் தங்களுக்குச் செய்ததைச் சொல்லலாம். பதினாறு வருடத்தில் நான் எழுந்ததில்லை. என் சாட்சியை எல்லாம் அவரே சொல்லிவிடுகிறாரே.

“யாராச்சும் சாட்சி?” என்றார் பாஸ்டர்.

எழுந்தேன். எஸ்தர் என் சேலையைப் பிடித்தாள். அறுபது முகமும் திரும்பியது.

“லெட்சுமி அண்ணி கட்டல,” என்றேன். “நாந்தான் கட்டினேன். கோயிலுக்கு நாந்தான் போனேன். அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. பிள்ள பொழைக்கணும்னு கட்டினேன்.”

அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

மேடையில் அவர் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். எதற்கும் ஒரு பாடம் வைத்திருப்பவர் இதற்கும் ஏதாவது வைத்திருப்பார் என்று காத்திருந்தார்கள். நானும்தான் பயந்துகொண்டு காத்திருந்தேன். அவர் மேடையைவிட்டு இறங்கி, முன்வரிசையில் போய் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பாஸ்டர் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். பாதிப் பேர் பாடவில்லை.

அன்றைக்கு யாரும் அவர் கையைக் குலுக்கவில்லை. என் கையையும் யாரும் பிடிக்கவில்லை. அன்னம்மா கலக்கி வைத்திருந்த சீராப்புத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கினோம். பஸ் நிலையம் வரை அவர் முன்னால் நடந்தார், நானும் எஸ்தரும் பின்னால். போச்சு, இத்தோடு பேச்சு நின்றது, இனி அந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம்கூட மிஞ்சாது என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

எங்கள் எஸ்டேட் பஸ் வந்தது. எஸ்தர் ஏறப்போனாள். அவர் ஏறவில்லை.

“ரவாங் பஸ் எத்தன மணிக்கு?” என்று டிக்கெட்காரரைக் கேட்டார். கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “அங்க மாறினா பத்தாங் காலிக்கு, அக்கா வீட்டுக்குப் போயிடலாம். இருட்டறதுக்குள்ள திரும்பிடலாம்.” அவர் குரல் மேடைக் குரலாக இல்லை. எனக்கு அந்தக் குரல் பழக்கமே இல்லை.

ரவாங் பஸ்ஸில் எஸ்தர் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். நானும் அவரும் பின்னால். இரண்டு பக்கமும் செம்பனை ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சட்டைப் பையில் நோட்டுப் புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது. இதையும் எழுதுவாரோ என்று எனக்குச் சந்தேகம்தான். அவர் கை முழங்காலிலேயே கிடந்தது.

பத்தாங் பெர்ஜுந்தை தாண்டியபிறகு கேட்டார். “நீ கட்டும்போது அழுதானா?”

“இல்லீங்க. சிரிச்சான். கைய வாயில வச்சு கயித்தக் கடிக்கப் பார்த்தான்.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு, முன்னால் இருக்கும் எஸ்தருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார்.

“நான் அறுக்கும்போது அழுதான் புஷ்பம்.”

“தெரியும்,” என்றேன். “அடுப்படியில இருந்தேன்.”

வீட்டு விஷயம் ஒன்றை அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.