கிருபாவதி தோட்டத்துக்குள் போன நாள்

சுருளிப்பட்டியில் பொன்னுராஜின் திராட்சைத் தோட்டம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஆனாலும் அவன் மனைவி கிருபாவதி அதற்குள் போய் இரண்டு வருடமாகிவிட்டது. பந்தல் ஆள் உயரம்தான். தலைக்கு நேராகக் கம்பி, நாலைந்து எட்டுக்கு ஒரு கல்தூண். பார்த்தாலே அவளுக்குப் பிடரி கூசும்.

கல்லூரியில் அவள் கபடி ஆடியவள். கடைசி வருடப் போட்டியில், அரையிறுதியில் ஒருமுறையும் மறுநாள் இறுதி ஆட்டத்தில் ஒருமுறையும் தலையில் அடிபட்டது. அதோடு ஆட்டத்தை விட்டாள். பத்து வருடம் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் மாட்டுக்கொட்டகைச் சட்டத்தில் இடித்துக்கொண்டாள். லேசான இடிதான். எட்டு மாதம் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உலையில் அரிசி போட்டோமா என்பதுகூட மறந்தது.

"மூணு தடவை மூளை அதிர்ந்திருக்கு. இனி அடிபடாமப் பாத்துக்கங்கம்மா" என்றார் மதுரை டாக்டர்.

அன்றிலிருந்து அவள் பைக்கில் ஏறுவதில்லை. பஸ்ஸில் முன்கம்பிமீது துண்டைச் சுற்றிவிட்டுத்தான் உட்காருவாள். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டால்கூட ஒரு கை தானாகத் தலையை மூடிக்கொள்ளும்.

இந்தத் தை மாதம் நசீமா பார்க்க வந்தாள். அந்தக் கபடி அணியின் கேப்டன் அவள். இப்போது உத்தமபாளையத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். காபி ஆறும்வரை இருவரும் பழைய கதை பேசினார்கள். பத்துப் பேர் ஒரே ஜீப்பில் அடைந்து தேவாரம் போனது, மழையில் நனைந்த செம்மண், ஒரே மூச்சில் கிருபாவதி நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்தது.

"அந்த மண்ணு வாசம் இன்னும் மூக்குல நிக்குதுடி" என்றாள் கிருபாவதி.

நசீமா சிரிக்கவில்லை. "ஃபைனல்ல நீ தள்ளாடிட்டு நின்ன. ஆட முடியுமான்னு கேக்காம நான்தான எறக்கிவிட்டேன். எனக்கு அப்ப வெவரம் பத்தலடி."

"நீ எறக்காட்டியும் எறங்கியிருப்பேன். நான் பயமே இல்லாம இருந்த நாளு அதுகதான். அதுக்குப் போயி மன்னிப்பு கேக்காத."

நசீமா ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தாள். பிறகு நசீமா எழுந்து, "எனக்கு உன் கையால பழம் பறிச்சுத் தா" என்றாள்.

"அவுகள வரச் சொல்றேன்."

"அவுக பறிச்சா எனக்கு வேணாம்."

பந்தல் ஓரத்தில் கிருபாவதி நின்றுவிட்டாள். நசீமா இழுக்கவில்லை. தன் துப்பட்டாவை நாலாக மடித்து அவள் தலையில் கட்டினாள். பிறகு முன்னால் போய், ஒவ்வொரு கம்பியையும் உள்ளங்கையால் மூடிப் பிடித்தாள். "இங்கன கம்பி. குனி. ம்... வா."

கிருபாவதி குனிந்து ஒவ்வொரு அடியாக உள்ளே போனாள். பம்ப் அருகே நின்ற பொன்னுராஜ் அதைப் பார்த்து, சத்தத்தில் அவள் மிரண்டுவிடக்கூடாதென்று மோட்டாரை நிறுத்தினான். நாலாவது தூணில் அவள், "போதும்டி" என்றாள். இலைகளுக்கிடையே வெயில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. இரண்டு குலை பறித்துக்கொண்டு திரும்பினாள்.

நசீமாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, தலை வலிக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். வலிக்கவில்லை. மறுநாள் காலை பந்தலுக்குள் தனியாகப் போனாள். ஒரு கை தலைமேலேயே இருந்தது. இரண்டாவது தூண்வரைதான் முடிந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு வந்தாள்.