ஃப்ரிட்ஜ் பெட்டி

“எங்க அப்பா பென்ஷன்ல இன்னும் என்னென்ன வாங்கப் போற?”

வாசலில் நின்றபடியே தம்பி மனைவியைக் கேட்டாள் நாத்தனார். போன வாரம் டிவி பெட்டியும் நேற்று ஆளுயர ஃப்ரிட்ஜ் பெட்டியும் மாடியேறியதைக் கீழ்வீட்டுக்காரி ஒன்றுவிடாமல் நாத்தனாருக்குப் போனில் ஒப்பித்திருந்தாள்.

“காலிப் பெட்டி அண்ணி. கடையில சும்மா குடுத்தாங்க.”

“ஓஹோ! எங்க பக்கம் எந்தக் கடைக்காரனும் இப்படி வள்ளலா இல்லையே! அப்பா துணிமணியை எடுத்து வை. இனிமே அவர் என்கூட இருக்கட்டும்.”

இத்தனை வருடம் பார்த்துப் பார்த்துக் கவனித்த மாமனாரை, திருடி என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவைப்பதா?

நாத்தனார் விறுவிறுவென்று உள்ளே போனாள். டிவி பெட்டி கவிழ்ந்து கிடந்தது; அதன்மேல் பிள்ளையின் பாடப்புத்தகங்கள். தட்டிப் பார்த்தாள். காலிதான். ஆனாலும் முகம் இளகவில்லை. ஃப்ரிட்ஜ் பெட்டியைத் திறந்தாள். உள்ளே குறுக்கே சொருகியிருந்த துடைப்பக் கட்டையில் தம்பியின் சட்டைகள் தொங்கின.

“அப்போ பீரோ எங்கே? வித்துட்டியா?”

“மாமா ரூம்ல இருக்கு அண்ணி. எழுந்திரிக்கும்போது பிடிச்சுக்க அவருக்குக் கெட்டியா ஒண்ணு வேணும். அட்டைப்பெட்டியைப் பிடிச்சா ரெண்டும் சேர்ந்துல்ல விழும்!”

நம்பாமல் நாத்தனார் அறைக்கதவைத் தள்ளினாள். மாமனார் பீரோவின் கைப்பிடியைப் பற்றியபடி மெல்ல எழுந்துகொண்டிருந்தார்.

“வாம்மா” என்றார்.

நாத்தனார் அவரையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, அப்பாவின் துணிமணியைக் கேட்காமலே படியிறங்கிப் போனாள்.