சூடாக ஏதும் குடித்தீர்களா

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம், மருந்து கொடுக்கும் டிரெஸரையும் சயாமுக்கு ஏற்றிவிட்டார்கள். காஜா பேராங் தோட்டத்தில் காய்ச்சல் பார்க்க ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெட்டியில் ஒரு தெர்மாமீட்டர் கிடந்தது. பிள்ளைகளுக்குப் பழக்கிவிடும்படி ஆபீஸ் உத்தரவு. சேதுராமன் வாத்தியார் பழக்கினார்.

"உதறி, தொண்ணூத்தஞ்சுக்குக் கீழே இறக்கணும். நாக்குக்கு அடியில வச்சு நூறு எண்ணணும். கண்ணுக்கு நேரா பிடிச்சு மெல்ல உருட்டினா வெள்ளிக்கோடு தெரியும். சூடா ஏதும் குடிச்சிருந்தா கால் மணி நேரம் கழிச்சுத்தான் வைக்கணும். அதைக் கேட்காம வைக்கவே கூடாது."

"இவன் தூணுக்கே நூத்திரண்டு சொல்லுவான் சார்" என்று பக்கத்துப் பையனைக் காட்டிப் பின்வரிசை சிரித்தது.

"இருக்கறதைச் சொல்லு. பாவம் பார்த்துக் கூட்டாதே."

காய்ச்சல் நூறுக்குக் குறைந்த ஆண்களுக்கு லோரி. சயாமில் ரயில் பாதை போடப் போய் ஒருவரும் திரும்பியதில்லை. போன மாதம் ஜெயா தன் அப்பாவுக்கே தொண்ணூற்றொன்பதும் நாலு சின்னக் கோடும் என்று கூட்டாமல் சொன்னாள். பத்து வயது. அவளை வகுப்பில் எழுப்பி நிறுத்தி வாத்தியார் மெச்சினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

புதன்கிழமை பள்ளிக்கூட வாசலுக்கு லோரி வந்தது. பட்டியலில் பொன்னுதுரை பெயர் இருந்தது, வாத்தியாரின் தம்பி. அவனுக்கு முறைக்காய்ச்சல், ஒருநாள் விட்டு ஒருநாள். நேற்று நூற்று மூன்று. இன்று காய்ச்சல் இல்லாத நாள்.

"நேத்து நூத்திமூணு" என்றார் வாத்தியார்.

"நேத்து நேத்தோட போச்சு வாத்தியாரே" என்றார் பட்டியலோடு வந்த ஆபீஸ் கணக்கர், கலியாணசுந்தரம் கிராணி. "இன்னிக்கு என்ன? நீங்க பார்க்க வேணாம், சொந்தத் தம்பி. அந்தப் பொண்ணு பார்க்கட்டும்."

லோரிச் சத்தம் கேட்டதுமே வாத்தியார் தம்பியிடம் சுடுகஞ்சியை வாயில் வைத்திருந்து விழுங்கச் சொல்லியிருந்தார். அவனும் அப்படியே செய்திருந்தான். உதடு சிவந்திருந்தது.

ஜெயா தெர்மாமீட்டரை உதறினாள். வைக்கப் போனவள் கையை நிறுத்தினாள்.

"சூடா ஏதும் குடிச்சீங்களா மாமா?"

பொன்னுதுரை அண்ணனைப் பார்த்தான். வாத்தியார் சுவரில் ஊர்ந்த எறும்பைப் பார்த்தார்.

"கஞ்சி" என்றான்.

"அப்போ கால் மணி நேரம் ஆகணும். சார் சொல்லியிருக்காங்க."

கிராணி சிரித்தார். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. சரி, காத்திருப்போம்லா."

காத்திருந்தார்கள். லோரியில் யாரோ இருமினார்கள். எறும்பு சன்னலைத் தாண்டிப் போனது. பிறகு ஜெயா வைத்தாள், நூறு எண்ணினாள், கண்ணுக்கு நேராகப் பிடித்து உருட்டினாள்.

"தொண்ணூத்தெட்டு. ரெண்டு சின்னக் கோடு."

"வரேண்ணே" என்றான் பொன்னுதுரை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஏறினான். வாத்தியார் தலையை ஆட்டினார். லோரி தெங்கேரா பக்கம் திரும்பி மறைந்தது.

"சரியாப் படிச்சேனா சார்?"

"சரி."

அவளிடமிருந்து வாங்கி, துடைத்து, பெட்டியில் வைத்தார்.

"சார், உதறலையே."

வெளியே எடுத்துப் பார்த்தார். கோடு தொண்ணூற்றெட்டிலேயே நின்றது. உதறினார். இறங்கவில்லை. இன்னொரு தரம் உதறினார். தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனதும் பெட்டியில் வைத்து மூடினார். அடுத்த பாடம் கணக்கு.