ஒன்பதாம் பக்கத்தில் சிவப்பு மை

அந்தப் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளைப் பென்சில் என்றுதான் கூப்பிடுவார்கள். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும். வேலைக்குக் கிளம்புமுன் விடிகாலையில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் சித்திரக்கதை வரைந்துகொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் நாற்பத்திரண்டு பக்கம். கதை முழுக்கச் சலவைக்கூடம்தான்.

"நாளெல்லாம் துணி துவைச்சுட்டு, வீட்டுக்கு வந்து அதையே வரையறியே, உனக்கே அலுப்பா இல்ல?" என்பான் குழாய் ரிப்பேர் வேலை பார்க்கும் அவள் கணவன். கேலி செய்தாலும், அவள் வரையும்போது மேசை ஆடாமலிருக்கக் காலுக்கடியில் அட்டை மடித்து வைத்தவனும் அவன்தான்.

நீராவியை எப்படி வரைவதென்று தெரியாமல் இரண்டு மாதம் திண்டாடினாள். கடைசியில், சுற்றியுள்ளதை இருட்டாக்கிவிட்டு அந்த இடத்தைச் சும்மா விட்டாலே போதும் என்று பிடிபட்டது. ஆனால் அவளைப் படுத்தி எடுத்தது ஒன்பதாம் பக்கம். அது பெரியக்காவின் கை போன கதை.

பெரியக்கா சலவைக்கூடத்திலேயே மூத்தவள். ஈர விரிப்புகளை உள்ளே இழுத்துச் சூட்டில் தேய்த்துத் தள்ளும் ரோலர் மிஷினில் நின்றவள். கை உள்ளே போகாமலிருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதைப் பழுது பார்க்கக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். "ரெண்டு நாள்ல மாட்டிடுவாங்க, ஓட்டுங்க" என்றார் மேலாளர். இருபத்துமூன்றாம் நாள் பெரியக்காவின் வலது கை விரிப்போடு உள்ளே போனது. மூன்று விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. விசாரணை அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

"வரைஞ்சுக்கோ. ஆனா உள்ளதை உள்ளபடி வரை" என்று சொல்லித்தான் பெரியக்கா சம்மதித்தாள்.

மருத்துவமனையின் ஐம்பதாம் ஆண்டு வந்தது. விழா மலர் தயாரிக்கும் அதிகாரிக்கு எப்படியோ அவள் வரையும் விஷயம் எட்டி, ஆள் சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டார். எப்போதும் சிரித்த முகம்.

"நம்ம ஊழியர்ல இப்படி ஒரு திறமையா! குடுங்கம்மா, மலர்ல போட்டுடலாம்."

"எதையும் மாத்த மாட்டீங்களே சார்?"

"ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டோம்."

நம்பினாள். நாற்பத்திரண்டு மூலப் பக்கங்களையும் தலையணை உறையில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து, மதிய இடைவேளையில் மலர்க்கட்டு வந்து இறங்கியது. ஆளுக்கொன்று எடுத்தார்கள். அட்டையிலேயே அவள் பெயர் கொட்டை எழுத்தில். எல்லாரும் அவள் முதுகில் தட்டிக்கொண்டிருந்தபோது, பெரியக்கா மட்டும் மலரில் ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போன் பேசிட்டா இருந்தேன்?" என்றாள்.

"என்னக்கா சொல்றீங்க?"

பெரியக்கா புத்தகத்தை அவள் மடியில் போட்டாள். ஒன்பதாம் பக்கம். யாரோ கைதேர்ந்தவன் கம்ப்யூட்டரில் செய்த வேலை. மிஷினில் தடுப்புக் கம்பி பளபளவென்று மாட்டியிருந்தது. பெரியக்காவின் இடது காதில் போன். அலறியடித்து ஓடிவரும் மேலாளரின் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் வேறு.

"அக்கா, சத்தியமா இது நான் வரைஞ்சதில்ல."

"உன் பேருதானே போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு பெரியக்கா எழுந்து போனாள்.

பென்சிலுக்கு ரத்தம் தலைக்கேறியது. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"சின்ன எடிட்டிங்தாம்மா. விழா மலர்ல யாராவது அழுகாச்சிப் பக்கம் போடுவாங்களா?"

"அழுகாச்சி இல்ல சார். நடந்தது."

"உங்க பேரை எவ்வளவு பெருசா போட்டிருக்கோம், அதைப் பாருங்க."

"பொய்யை நீங்க சொல்லுவீங்க, கையெழுத்து மட்டும் என்னோடதா? என் பக்கத்தையெல்லாம் குடுங்க."

"அதெல்லாம் ஃபைல்ல பத்திரமா இருக்கு. அடுத்த வாரம் வாங்களேன்."

அவள் எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "குடுக்கற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

இரண்டு பேர் பார்க்க வந்து, அவளைப் பார்த்துத் தயங்கித் திரும்பிப் போனார்கள். சிரிப்பு மாறாமலே அதிகாரி அலமாரியைத் திறந்தார். அவருக்கு அவளை வெளியே அனுப்பினால் போதுமென்று இருந்தது. கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நீட்டினார்.

வராந்தாவில் நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தாள். பதினோரு தடவை கிழித்துக் கிழித்து வரைந்த பக்கம். அதன் மேலேயே சிவப்பு மையில் கோணல்மாணலாக எழுதியிருந்தார்கள். மிஷினுக்கு ஓர் அம்புக்குறி: 'கம்பி சேர்க்கவும்'. பெரியக்காவின் காதுக்கு ஒன்று: 'இங்கே போன்'. மேலாளருக்கு ஒன்று: 'வருத்தமாக'. கீழே அதிகாரியின் சுருக்கொப்பம், தேதியோடு.

அழிக்க முடியாத மை. விரலால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. அப்புறம்தான் உறைத்தது, இதை அழிக்கவே கூடாது என்று.

சலவைக்கூடத்தில் பெரியக்கா தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தாள். பென்சில் பக்கத்தை அவள் முன்னால் வைத்தாள். பெரியக்கா சிவப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாக, உதடு அசையப் படித்தாள்.

"விசாரணையிலயும் இதே போனைத்தான் சொன்னாங்க" என்றாள் மெதுவாக. "அன்னிக்கு என் போன் வீட்ல சார்ஜ்ல கெடந்துச்சு. சொன்னேன், யாரும் எழுதிக்கல." பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "இதை எத்தனை காப்பி எடுக்கலாம்?" என்று கேட்டாள்.

மறுநாள் இருநூறு காப்பி எடுத்தார்கள், சிவப்பு மை தெரியும்படி கலரில். மதிய ஷிப்ட் மாறும் நேரம் இருவரும் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களுக்கும் வெளியே வருகிறவர்களுக்கும் கொடுத்தார்கள். நர்சுகள் நின்று படித்தார்கள். தகவல் போய் அதிகாரி ஓடி வந்தார்.

"என்னம்மா இது, நமக்குள்ள பேசித் தீர்த்திருக்கலாமே?"

பெரியக்கா மடங்காத விரல்களுக்கிடையில் ஒரு தாளைச் செருகி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அவர் கை பாதியில் நின்றது.

மலர்க்கட்டுகளைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பெரியக்கா மறுவிசாரணை கேட்டு எழுதிக் கொடுத்தாள், ஒன்பதாம் பக்கத்தையும் இணைத்து. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கிடைத்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. பென்சிலை அழுக்குத்துணி பிரிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. நினைக்கும்போதெல்லாம் இப்போதும் அவளுக்குக் காது சூடாகிறது.

இந்தச் சண்டையையும் சேர்த்ததில் கதை நாற்பத்தெட்டுப் பக்கமாகிவிட்டது. அதிகாரியை வரைந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்கு வந்திருந்த பெரியக்கா எட்டிப் பார்த்தாள்.

"அந்தாளுக்குப் பல்லை நீளமா போடு. பேய் மாதிரி."

"வேணாம்கா. சிரிச்சுக்கிட்டேதானே எல்லாத்தையும் செஞ்சாரு. சிரிச்ச முகமாவே போடறேன், அப்பதான் உறைக்கும்" என்றாள் பென்சில், தலை நிமிராமலே.