ஜூடி எழுதிய ஒரு வரி

2006 ஐப்பசி. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளை எடை போட்டு அனுப்பும் யார்டு ஒன்று திருவொற்றியூரில் இருந்தது. அதன் எடைமேடைக்கு மென்பொருள் எழுதியவள் ஜூடி, ராயபுரத்துப் பெண். மேடையிலிருந்து எடையை வாங்கித் தர, இணையத்தில் கிடைத்த பைத்தான் லைப்ரரி ஒன்றை, யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரலை, சேர்த்திருந்தாள். அது ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் செய்வதையெல்லாம் லாக் வரிகளாக, பதிவுக் குறிப்புகளாக, திரையில் ஒப்பித்துக்கொண்டே இருந்தது: எண் கேட்டேன், வந்தது, மறுபடி கேட்கிறேன்.

எடை பார்க்கும் வேம்பு நொந்துபோனார்.

"இன்னா ஜூடிம்மா இது? படிக்கிறதுக்குள்ள மேல ஓடிப் பூடுது. இத்த நிறுத்த முடியாதா?"

"ஒரே வரிதாண்ணே."

அந்த லைப்ரரியின் லாக்கை மொத்தமாக அணைக்கும் வரியைச் சேர்த்தாள். திரையில் எடை மட்டும் பெரிதாக நின்றது. வேம்பு சந்தோஷமாக டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்று வாரம் விடாத மழை. துறைமுகத்திலிருந்து நான்கு கன்டெய்னர்கள் திரும்பி வந்தன. ஒன்றில் சீட்டு பதினெட்டு டன் என்றது, உள்ளே இருபத்தாறு. மேனேஜர் நீலமேகம் எல்லோர் முன்னாலும் வேம்புவைத் திட்டி, கேட்டில் வண்டி நம்பர் குறிக்கும் வேலைக்கு மாற்றினார்.

விஷயம் தெரியாமல் வந்த ஜூடி, கேட்டில் நனைந்துகொண்டு நின்றவரைப் பார்த்துத் திகைத்தாள்.

"ஸ்க்ரீன்ல இன்னா கீதோ அத்தத்தாம்மா எழுதினேன்" என்றார். திரும்பி வந்த கன்டெய்னர்களைப் பற்றியும் சொன்னார்.

உள்ளே போய் அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு, அடுத்த லாரியை மேடையில் ஏற்றச் சொன்னாள். வழக்கமான வரிகளுக்கு நடுவே ஒன்று வந்தது: 'எச்சரிக்கை. எடை நிலைக்கவில்லை. முந்தைய எடையையே தருகிறேன்.'

மேடைக்கடியில் மழைச்சேறு அடைத்திருந்தது. எடை நிலைக்காதபோதெல்லாம் முன்னால் போன லாரியின் எடை பின்னால் வந்ததற்கு விழுந்திருக்கிறது. மூன்று வாரமாக லைப்ரரி கத்தியிருக்கிறது, யார் காதிலும் விழாமல்.

சேற்றை வழித்து, வரியைத் திருத்திவிட்டுப் போனால் ஒருவருக்கும் தெரியாது.  ஜூடி எழுந்து நீலமேகத்தின் அறைக்குப் போனாள்.

"வேம்புண்ணன் மேல தப்பு இல்ல சார். என் மேல."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "மெஷின் கோளாறுன்னு எழுதிக் குடுத்துடும்மா. உன் பேரு எதுக்கு?" என்றார்.

"மெஷின் சொல்லிச்சு சார். நான்தான் சொல்லவுடல."

தன் பெயரைப் போட்டே எழுதிக் கொடுத்தாள். வேம்பு மறுநாளே பழைய நாற்காலிக்குத் திரும்பினார். ஜூடியின் கம்பெனி அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டது. அதற்குமுன் ஒரு நாள் கேட்டு வாங்கி, சாதாரண வரிகள் ஒரு கோப்புக்குப் போகவும், எச்சரிக்கை மட்டும் திரையில் சிவப்பாக வரவும், அப்போது எடையே காட்டாமல் இருக்கவும் மாற்றினாள்.

கிளம்பும்போது வேம்பு சங்கடமாகச் சொன்னார்: "நிறுத்தச் சொன்னது நான்தானம்மா."

"நீங்க தொல்லையத்தான் நிறுத்தச் சொன்னீங்கண்ணே. எது தொல்லைன்னு பாக்க வேண்டியவ நான்."

பஸ்ஸில் போகும்போது அவளுக்கு அந்த வேலை போனது பெரிதாகத் தெரியவில்லை. துறைமுகத்தில் பதினெட்டு என்று நம்பி இருபத்தாறைத் தூக்கிய கிரேனுக்குக் கீழே அன்று யார் நின்றிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.