மணியம்மாளுக்குப் பதிலாக

கஞ்சி வடிக்கும்போது பானை வழுக்கி மணியம்மாளின் வலது கை வெந்துபோயிற்று. நாலு நாள் போகாவிட்டால் திருவள்ளூரில் அவள் வேலை செய்யும் ஹேமாம்புஜத்தம்மாள் வீட்டில் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். மழைக்குச் செங்கல் சூளை மூடிக் கிடந்ததால் கணவன் சின்னராசு சும்மாதான் இருந்தான்.

"நீ போயேன்" என்றாள்.

"பொம்பள வேலைக்கா?" என்று முறைத்தான். "நெழல்ல குந்திக்கினு நாலு பாத்திரம் தேய்க்கிறதுக்கு இன்னா அலுப்பு?" என்று எத்தனையோ முறை அவளை ஏசியவன்தான். ஆனாலும் விடிந்ததும் கிளம்பினான்.

தெருவாசல் வழியாக நுழைய அவர்கள் சாதிக்கு அனுமதி கிடையாது. சந்து வழியாகக் கொல்லைக்குப் போனான். சாம்பல் போட்டு அண்டாவைத் தேய்ப்பதற்குள் இடுப்பு கழன்றது. தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்கள் மேல் தண்ணீர் தெளித்த பிறகே வீட்டு அம்மாள் அவற்றைத் தொட்டாள். துணி துவைக்கையில், சூளையில் உடன் வேலை செய்யும் அப்பாவு சந்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னாடா, பொடவ தோய்க்கிறியா?"

சின்னராசுவின் கை தானாகப் புடவையை முதுகுக்குப் பின்னால் தள்ளியது.

வேலை முடிந்ததும் அம்மாள் மந்தார இலையில் நாலு இட்லி வைத்து, எட்ட நின்று சொன்னாள்: "சாப்பிட்டுட்டுப் போப்பா. ஆம்பளை, பசி தாங்கமாட்டே."

இலையை வழித்துத் தின்ற பிறகுதான் மணியம்மாள் நினைவு வந்தது. 'அவளுக்குத்தான் தினமும் கிடைக்குமே' என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வீட்டில் அவள் இடது கையால் கூழ் கரைத்து வைத்திருந்தாள்.

"குந்து. பசியில காது அடச்சிருக்கும். அந்த ஊட்ல ஒரு வாய் காபித்தண்ணி ஊத்தமாட்டாங்க."

"ஒனக்கு ஒரு நாளும் குடுத்ததில்லியா?"

"எனக்கு எவ குடுப்பா?"

அடுப்போரம் பானை காலியாகக் கவிழ்ந்திருந்தது. இருந்ததே அந்த ஒரு குவளை கூழ்தான்.

"எனக்கு வேணாம். நீ குடி."

மணியம்மாள் அவனையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "பட்டினியா வந்துட்டு எனக்குக் குடுக்கிறியா? கண்ணாலமான நாள்லேர்ந்து இப்படி ஒரு வார்த்த சொன்னதில்லியே!"

தின்றதைச் சொல்லிவிட வாயெடுத்தான். அதற்குப் பதிலாகக் குவளையை அவள் பக்கம் தள்ளினான்.

மறுநாள் அம்மாள் தந்த இட்லியைத் தொடாமல் இலையோடு மடித்துக் கொண்டுவந்தான். ஏது என்று கேட்டவளிடம், "ஓட்டல்ல வாங்கினேன்" என்றான். அவள் இரண்டை எடுத்துக்கொண்டு, மீதியை அவன் பக்கம் ஆசையாக நகர்த்தினாள். சின்னராசு நிமிரவே இல்லை.